தலைவர் கொல்லப்பட்ட நாளில் மக்கள் என்ன செய்தார்கள்: பதிவுசெய்ய முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

பெரும் அரசியல் தலைவர் ஒருவர் கொல்லப்பட்ட மறுநாள் வரும் செய்தித்தாள்களைப் புரட்டினால், எந்த நாடானாலும் எந்தக் காலமானாலும், நாடே கண்ணீரில் மூழ்கியது என்ற பொருள்படும் ஒரு வாக்கியம் தவறாமல் கண்ணில் படும். அந்த வாக்கியத்தை எழுதிய செய்தியாளர் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்தில் எல்லோரும் அழுதுகொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனால் 1984 அக்டோபர் 31 அன்று மாலை டெல்லியில், தம் சீக்கிய மெய்க்காவலர்களால் சுட்டுக்கொல்லப்பட்ட பிரதமர் இந்திரா காந்திக்காக அழுதவர்கள் இருந்ததைப் போலவே, கதவைத் தாழிட்டுக்கொண்டு விடியும்வரை உயிரோடு இருப்போமா என்று நடுங்கிய சீக்கியக் குடும்பங்களும் இருந்தன. அவர்களைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்த அண்டை வீட்டாரும், மறுநாளைக்காக மண்ணெண்ணெய் சேர்த்தவர்களும் இருந்தார்கள். இவர்கள் அத்தனை பேரும் மக்கள்தான். ஆகவே, ஓர் அரசியல் கொலையை மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று எழுத முனையும் மாணவரோ, இளம் செய்தியாளரோ, வாய்மொழி வரலாறு சேகரிப்பவரோ, யார் அழுதார், யார் அஞ்சினார், யார் வாய்திறக்கவில்லை, யார் உள்ளூர மகிழ்ந்தார் என்று பிரித்துக் கேட்காதவரை, தலைவரின் இறுதி ஊர்வலத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருப்பார். அப்படிப் பிரித்துக் கேட்பதற்கான வழிமுறைகளையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

நான்கு நேரங்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்: தாக்குதல் நடந்த நேரம், உயிர் பிரிந்ததாக மருத்துவர்கள் உறுதிசெய்த நேரம், செய்தி முதலில் வெளியே கசிந்த நேரம், அரசு முறைப்படி அறிவித்த நேரம். இவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில்தான் வதந்தி பிறக்கிறது. இந்திரா காந்தி காலை 9.20 மணியளவில் சுடப்பட்டார். பிபிசி வானொலி வழியாகச் செய்தி முன்பே பரவிவிட்டது; அகில இந்திய வானொலி அவருடைய மரணத்தை அறிவித்தபோது மாலை 6 மணி ஆகியிருந்தது. நடுவில் கழிந்த அந்தப் பகல்பொழுது முழுவதும் எய்ம்ஸ் மருத்துவமனையின் முன் கூட்டம் திரண்டுகொண்டே இருந்தது; அன்று மாலை அங்கே வந்த, சீக்கியரான குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் வாகனங்கள் மீதே கல் வீசப்பட்டது. ஒரு நாட்டின் முதல் குடிமகன் அவருடைய சமயத்தை வைத்து அடையாளம் காணப்பட்ட அந்தக் கணத்தை, நேர வரிசை தெரியாத ஒருவரால் விளங்கிக்கொள்ளவே முடியாது.

செய்தி யார் வாயிலாக வந்தது என்பதும் நேரத்தைப் போலவே முக்கியமானது. 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் பகல் 12.30 மணிக்கு அதிபர் கென்னடி சுடப்பட்டார். சில நாட்களுக்குள் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கருத்தாய்வு மையம் நாடு தழுவிய நேர்காணல்களை நடத்தியது. மூன்றில் இரண்டு பங்கினர் அரை மணி நேரத்துக்குள்ளும், ஏறத்தாழ அனைவரும் அன்று மாலைக்குள்ளும் செய்தியை அறிந்திருந்தார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. தொலைக்காட்சி வீடுதோறும் வந்துவிட்ட நாட்டிலேயே சுமார் பாதிப் பேருக்கு அச்செய்தி இன்னொரு மனிதர் சொல்லித்தான் தெரிந்தது என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் மனிதர் சொல்லும் செய்தி வெறும் செய்தியாக வருவதில்லை; சொல்பவரின் முகமும் அச்சமும் அனுமானமும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. ஆகவே, நீங்கள் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் யார் சொல்லிக் கேட்டீர்கள், அவர் எப்படிச் சொன்னார் என்ற கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.

கொன்றவர் யார் என்று மக்கள் நம்பினார்கள்?

மக்களின் அடுத்த அடி எந்தத் திசையில் விழும் என்பதை இறந்தவரின் பெருமையைவிடக் கொன்றவரின் அடையாளமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்ட செய்தி கேட்டு பிர்லா மாளிகைக்கு விரைந்த கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன், கொன்றவன் ஒரு முஸ்லிம் என்று கூட்டத்தில் ஒருவர் கத்தியதைக் கேட்டதும், இல்லை, அவன் இந்து என்று உடனே மறுத்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. பிரிவினையின் இரத்தம் காயாத அந்த வாரங்களில் அந்த ஒரு சொல் தவறியிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். வடக்கே அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் கோட்சேயின் சாதி தெரியவந்ததும், புனே, சாத்தாரா, சாங்லி, கோலாப்பூர் ஆகிய மராத்திப் பகுதிகளில் பிராமணர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. காந்தியின் மரணத்தைப் பற்றிய நினைவுகூரல்களில் ஊர்வலமும் அஸ்தி கரைப்பும் இடம்பெறும் அளவுக்கு இந்தத் தாக்குதல்கள் இடம்பெறுவதில்லை. உங்கள் தேடலில் இத்தகைய விடுபடல்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

1959 செப்டம்பரில் இலங்கைப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஒரு பௌத்த பிக்குவால் சுடப்பட்டார். குண்டுபட்டுக் கிடந்த நிலையிலும், பிக்குவின் உடையணிந்த மூடன் ஒருவன் தம்மைச் சுட்டதாகவும், அவன் மீது இரக்கம் காட்டும்படியும், பழிவாங்க முனையவேண்டாம் என்றும் அவர் வேண்டிக்கொண்டார். தாக்கப்பட்டவரின் வாயிலிருந்தே வரும் இப்படியொரு வேண்டுகோள் மிக அரிது. பெரும்பாலும் அந்தப் பொறுப்பு உடனடியாகப் பேசவேண்டியவர்களின் தோளில் விழுகிறது. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட இரவு, இண்டியானாபொலிஸில் தேர்தல் கூட்டத்துக்காகக் காத்திருந்த கறுப்பின மக்களிடம் அச்செய்தியைச் சொன்னவர் ராபர்ட் கென்னடி. தம் அண்ணனும் ஒரு வெள்ளையராலேயே கொல்லப்பட்டார் என்பதை அவர் அந்த மக்கள் முன் வெளிப்படையாகச் சொன்னார். நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க நகரங்களில் கலவரம் மூண்ட அந்த நாட்களில் இண்டியானாபொலிஸ் அமைதியாக இருந்தது. அமைதிக்கு அந்தப் பேச்சு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், முதல் சில மணி நேரத்தில் யார் என்ன பேசினார் என்பதைச் சொல்லுக்குச் சொல் சேகரிப்பது உங்கள் வேலையின் மையமான பகுதி.

வதந்திகளையும் சான்றாகவே சேகரியுங்கள். பொய்யென்று தெரிந்துவிட்டதால் அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். 1984 டெல்லி வன்முறையைப் பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகமும் மக்கள் ஜனநாயக உரிமைக் கழகமும் சேர்ந்து அந்த ஆண்டே வெளியிட்ட அறிக்கை மூன்று வதந்திகளைப் பதிவுசெய்தது: சீக்கியர்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடுகிறார்கள், பஞ்சாபிலிருந்து ரயில்களில் இந்துக்களின் பிணங்கள் வருகின்றன, குடிநீரில் விஷம் கலக்கப்பட்டுவிட்டது. பிந்தைய இரண்டையும் காவல்துறை வண்டிகளே ஒலிபெருக்கியில் அறிவித்துச் சென்றதாகவும் அந்த அறிக்கை கூறியது. எங்கேனும் ஓரிருவர் நடந்துகொண்டதை ஒரு சமூகம் முழுவதன் தலையிலும் கட்டுவதே இத்தகைய வதந்திகளின் இயல்பு. எந்த வதந்தி எந்த மணியில், எந்தத் தெருவில், யார் வாயிலிருந்து வந்தது என்று குறித்துவைத்தால், அது தானாகப் பரவியதா, பரப்பப்பட்டதா என்பது தெளிவாகும்.

துயரத்தை எப்படி அளப்பது

துயரத்தை அளக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அது விட்டுச்சென்ற தடயங்களைப் படிக்கலாம். கென்னடி கொலைக்குப் பின் நடந்த மேற்சொன்ன ஆய்வில், நேர்காணப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினர் தாம் அழுததாகவும், 48 விழுக்காட்டினர் உறக்கம் வரவில்லை என்றும் சொன்னார்கள். இந்த எண்களை நான் வேறு விதமாகவும் படிக்கிறேன்: ஏறத்தாழ பாதிப் பேர் அழவில்லை. அவர்களில் அதிர்ச்சியில் உறைந்தவர்களும் இருக்கலாம், பொருட்படுத்தாதவர்களும் இருக்கலாம். நாடே அழுதது என்ற வாக்கியம் இந்த இரு சாராரையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

கடிதங்கள் இன்னும் வளமான சான்று. கென்னடியின் மனைவிக்கு முதல் ஏழு வாரங்களில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரங்கல் கடிதங்கள் வந்தன. இத்தகைய தொகுப்பு எதுவும் உங்களுக்குக் கிடைத்தால், புகழுரைகளை வேகமாகக் கடந்துவிட்டு, எழுதியவர் தம்மைப் பற்றிச் சொல்லும் வரிகளில் நில்லுங்கள். தம் வீட்டு மரணத்தையும் தம் வறுமையையும் தம் பிள்ளையையும் பற்றி மக்கள் அங்கே எழுதுகிறார்கள். அந்தத் தலைவர் அவர்களுக்கு என்னவாக இருந்தார் என்பதை அந்த வரிகளே காட்டுகின்றன.

இனி, எளிதில் ஏமாற்றக்கூடிய சான்றுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அடைக்கப்பட்ட கடைகளைத் துக்கத்தின் அடையாளமாக எழுதிவிடுவது மிகவும் வழக்கம். அவை கல்லடிக்கு அஞ்சி அடைக்கப்பட்டவையாகவும் இருக்கலாம், கட்சிக்காரர்கள் வந்து அடைக்கச் சொன்னதாலும் இருக்கலாம். எத்தனை மணிக்கு அடைத்தார்கள், யாராவது வந்து சொன்னார்களா, மறுநாள் யார் முதலில் திறந்தார் என்று கடைக்காரரிடம் கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். வணிக நிறுவனங்கள் தந்த இரங்கல் விளம்பரங்களையும், வாகனம் வைத்து அழைத்துவரப்பட்ட கூட்டத்தையும் இதே எச்சரிக்கையுடன் அணுகவேண்டும். செய்தித்தாளின் முதல் பக்கத்தைவிட உள்பக்கங்களில் வரும் ஒத்திவைக்கப்பட்ட திருமண அறிவிப்புகளும், ரத்தான தேர்வுகளும், நிறுத்தப்பட்ட பேருந்துத் தடங்களும் அன்றைய வாழ்க்கையைத் துல்லியமாகக் காட்டும். சமூக ஊடகப் பதிவுகள் இன்று மலையளவு கிடைக்கின்றன. எழுதியவர்கள் மக்களில் ஒரு சிறு பகுதியினரே. பதிவுகள் சில மணி நேரத்தில் நீக்கப்படுகின்றன. போலிக் கணக்குகளும் கலந்திருக்கின்றன. ஆகவே அவற்றைத் தேதியோடும் நேரத்தோடும் உடனே சேமியுங்கள். பெரும்பான்மைக் கருத்தாக மட்டும் காட்டாதீர்கள்.

மகிழ்ச்சியும் ஓர் எதிர்வினையே. அதை எழுதுவது அருவருப்பாக இருந்தாலும் எழுதாமல் விடுவது பிழை. அமெரிக்க அதிபர் லிங்கன் கொல்லப்பட்ட செய்தி கேட்டு மகிழ்ந்தவர்கள் அந்நாட்டின் வட மாநிலங்களிலேயே தெருவில் அடிபட்டார்கள். காந்தியின் மரணத்துக்குப் பின் ஆர்.எஸ்.எஸ். அமைப்பைச் சேர்ந்தவர்கள் மகிழ்ச்சி தெரிவித்து இனிப்பு வழங்கியதாக, அந்த அமைப்பின் தலைவர் கோல்வால்கருக்கு 1948 செப்டம்பரில் எழுதிய கடிதத்தில் உள்துறை அமைச்சர் பட்டேல் குறிப்பிட்டார். இத்தகைய ஒன்றை எழுதும்போது யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது என்ற மூன்றையும் வாக்கியத்துக்குள்ளேயே வையுங்கள். பெயரற்ற குற்றச்சாட்டாக இனிப்புக் கதையை எழுதுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு மேலே சொன்ன டெல்லி வதந்தியே சான்று.

'மக்களின் கோபம்' என்ற விளக்கத்தைச் சோதியுங்கள்

கொலைக்குப் பின் வன்முறை வெடித்த இடங்களில், அது மக்களின் இயல்பான கோபம் என்ற விளக்கம் ஆளும் தரப்பிலிருந்து விரைவிலேயே வந்துவிடும். பெரிய மரம் விழும்போது நிலம் சற்று அதிரும் என்ற பொருளில் ராஜீவ் காந்தி 1984 நவம்பர் 19 அன்று பேசியது அத்தகைய விளக்கமே. அரசுக் கணக்கின்படியே டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். இந்த விளக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதைக் கட்சி சார்ந்து முடிவுசெய்யாமல், சில கேள்விகளை வைத்துச் சோதிக்கலாம்.

வன்முறை எப்போது தொடங்கியது என்பது முதல் கேள்வி. அக்டோபர் 31 மாலையில் மருத்துவமனையைச் சுற்றி நடந்தவை சிதறலான தாக்குதல்கள். கொலைகளின் பெரும்பகுதி நவம்பர் 1 காலையில் தொடங்கியது. இடையில் ஓர் இரவு இருக்கிறது. கோபம் ஓர் இரவு உறங்கி எழுந்து, வேறு பகுதிகளில், ஒரே முறையில் வெளிப்பட்டால், அந்த இரவில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று கேட்கவேண்டும். இலக்குகள் எப்படி அடையாளம் காணப்பட்டன என்பது இரண்டாவது கேள்வி. வாக்காளர் பட்டியலோ குடும்ப அட்டைப் பட்டியலோ கையில் இருந்திருந்தால் அது கோபம் அன்று, ஏற்பாடு. எரிபொருள் எங்கிருந்து வந்தது, தாக்க வந்தவர்கள் எந்த வண்டியில் வந்தார்கள், காவல்துறை யாரிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது, இராணுவம் எப்போது அழைக்கப்பட்டது ஆகியவற்றையும் கேளுங்கள். கடைசியாக, அதே துயரம் நிலவிய அண்டைப் பகுதியில் ஏன் எதுவும் நடக்கவில்லை என்று கேளுங்கள். வன்முறை நடக்காத தெருவுக்குச் சென்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. அங்கேதான் தெருமுனையில் காவல் நின்ற குடியிருப்பாளர்களையும், வந்த கூட்டத்தைத் திருப்பியனுப்பியவர்களையும் சந்திப்பீர்கள்.

நினைவைக் கேட்கும் முறை

இப்படிப்பட்ட நாட்கள் மனத்தில் அழியாமல் பதிந்துவிடுகின்றன என்று எல்லோரும் நம்புகிறோம். லிங்கன் கொலைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் கோல்குரோவ் என்ற உளவியலாளர் 179 பேரிடம் அச்செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று விசாரித்தார். 127 பேர் விவரமாகச் சொன்னார்கள் என்று 1899-இல் எழுதினார். சொன்னவை சரிதானா என்று சோதிக்க அவருக்கு வழியில்லை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையிலேயே மாணவர்களிடம் எழுதி வாங்கி, இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்ட உளவியலாளர்கள் நைசரும் ஹார்ஷும், சுமார் நான்கில் ஒரு பங்கினர் முக்கிய விவரங்கள் அனைத்திலும் தவறியிருந்ததைக் கண்டார்கள். தம் கையெழுத்தைக் காட்டியபோதும் சிலர் பின்னாளைய நினைவையே உண்மை என்று நம்பினார்கள்.

யார் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதும் சமமானதன்று. உளவியலாளர்கள் பிரவுனும் குலிக்கும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்ட தருணத்தைக் கறுப்பினத்தவரில் நான்கில் மூன்று பங்கினரும், வெள்ளையரில் மூன்றில் ஒரு பங்கினரும் தெளிவாக நினைவுகூர்ந்தார்கள். கிங்கைப் பற்றி எதிர்மறையான கருத்துக் கொண்டவர்கள் 1966-இல் 63 விழுக்காடு என்று கணக்கிட்ட கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம், 2011-இல் அவரை மதிப்பவர்கள் 94 விழுக்காடு என்று கண்டது. ஆகவே, இன்று ஒருவர் அன்றே மனமுடைந்துபோனேன் என்று சொன்னால், அதை அன்றைய உணர்வாக அல்லாமல் இன்றைய கூற்றாக எழுதுவதே நேர்மை. கென்னடி 1960-இல் பெற்ற வாக்கு 50 விழுக்காட்டை எட்டவில்லை; அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் 65 விழுக்காட்டினர் அவருக்கே வாக்களித்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். மரணம் அவர்களுடைய பழைய தீர்மானத்தைத் திருத்தி எழுதிவிட்டது.

இதனால் நேர்காணலில் என்ன உணர்ந்தீர்கள் என்று தொடங்காதீர்கள். அதற்கு ஆயத்தமான விடை எல்லோரிடமும் இருக்கும். அப்போது கையில் என்ன வேலை இருந்தது, வீட்டுக்கு எந்த வழியாகப் போனீர்கள், அன்றிரவு விளக்கு எரிந்ததா, பிள்ளைகள் எப்போது திரும்பினார்கள், மறுநாள் வேலைக்கு யார் வரவில்லை என்று கேளுங்கள். செயல்களைச் சொல்லத் தொடங்கியவர் உணர்வுக்குத் தாமாகவே வருவார். உங்கள் தெருவில் அன்று அஞ்சியவர் யாராவது உண்டா என்ற கேள்வியைத் தவறாமல் கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். நான் அறிந்தவரை, மற்றெந்தக் கேள்வியைவிடவும் இதற்குத்தான் புதிய செய்தி கிடைக்கிறது. சொன்னவற்றை அன்றைய செய்தித்தாள், பள்ளி வருகைப் பதிவேடு, நாட்குறிப்பு போன்றவற்றோடு ஒப்பிடுங்கள். முரண்பட்டால் பேசியவரைத் திருத்த முயலாமல் இரண்டையும் எழுதுங்கள்.

தேர்தல் முடிவை அவசரமாகப் படிக்காதீர்கள்

அனுதாப அலை என்ற விளக்கத்துக்கு மிகுந்த நிதானம் வேண்டும். ராஜீவ் காந்தி 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டதற்கு முன்தினம் முதற்கட்ட வாக்குப்பதிவு முடிந்திருந்தது. எஞ்சிய தொகுதிகளில் ஜூன் மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஜூனில் வாக்களித்த தொகுதிகளில் காங்கிரஸ் மிகவும் கூடுதலாக வென்றது. எந்தெந்த மாநிலங்கள் எந்தக் கட்டத்தில் வாக்களித்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது எதிர்வினையை அளக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு. தமிழ்நாட்டில் அப்போது நடந்த சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 234 இடங்களில் 2 இடங்களை மட்டுமே பெற்றதை முழுக்க முழுக்க அந்தக் கொலையின் விளைவாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில், அதாவது கொலைக்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பே, அதே அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38-ஐ வென்றிருந்தது. அலை இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கூட்டணிக் கணக்கு எவ்வளவு, அலை எவ்வளவு என்று பிரிக்காமல் எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. இஸ்ரேலில் 1995 நவம்பரில் பிரதமர் ராபின் கொல்லப்பட்டபோது இளைஞர்கள் டெல் அவிவ் சதுக்கத்தில் இரவிரவாக மெழுகுவத்தி ஏற்றினார்கள். அடுத்த மே மாதத் தேர்தலில் அவருக்குப் பின் பிரதமரான பெரெஸ் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் தோற்றார். இடையில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகள் மனநிலையை மாற்றியிருந்தன.

எதிர்வினை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பல முறை சேகரியுங்கள்: முதல் வாரம், மூன்றாம் மாதம், முதல் நினைவு நாள், கொலையாளியின் வழக்கு முடியும் காலம். ஜப்பானில் 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நாரா நகரில் சுடப்பட்டபோது அந்த இடத்தில் மலர் வைக்க மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். சுட்டவரின் தாய் ஒருங்கிணைப்புத் திருச்சபை என்ற அமைப்புக்குப் பெருந்தொகை கொடுத்துக் குடும்பம் நொடித்ததும், அந்த அமைப்போடு அரசியல்வாதிகளுக்கு இருந்த தொடர்பும் வெளிவந்தபின், பேச்சின் போக்கே மாறியது. செப்டம்பர் 27 அன்று நடந்த அரசு இறுதி மரியாதையைக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். தெருவில் ஆர்ப்பாட்டமும் நடந்தது. ஜூலையில் மட்டும் குறிப்பெடுத்தவரிடம் ஒரு நாடும், செப்டம்பரில் மட்டும் எடுத்தவரிடம் வேறொரு நாடும் இருந்திருக்கும்.

பேசியவர்களைக் காப்பது

வன்முறையை அனுபவித்தவர்களும் கண்டவர்களும் சொல்வது பல ஆண்டுகள் கழிந்தும் நீதிமன்றத்தில் பயன்படலாம். டெல்லிக் கொலைகளுக்காகக் காங்கிரஸ் முன்னாள் மக்களவை உறுப்பினர் சஜ்ஜன் குமாருக்கு உயர் நீதிமன்றம் தண்டனை விதித்தபோது 2018 டிசம்பர் ஆகியிருந்தது. 34 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகவே ஒலிப்பதிவுக்கு முன் பேசுபவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். எந்தப் பகுதியை எப்போது வெளியிடலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். இடையில் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, தெரு, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே ஊரார் அடையாளம் கண்டுவிடுவார்கள். உண்மைப் பெயர்ப் பட்டியலை ஒலிப்பதிவுகளிலிருந்து தனியே, பூட்டி வையுங்கள். ஒலிக்கோப்பின் தொடக்கத்திலேயே நாள், இடம், கேட்டவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பதியுங்கள். திருத்தாத மூலப் பதிவின் ஒரு படியை, வெளியீட்டுக்கான கெடு குறித்த கடிதத்தோடு, பல்கலைக்கழக நூலகம் அல்லது ஆவணக் காப்பகம் ஒன்றில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.